சலனச் சித்திரம்: கிராமத்துக்கு ஒரு புதிய சாதனம்

(திருவள்ளூர் மாவட்டம், பழவேற்காடு ஏரியை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்தில், பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோரும் மீனவர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் என்றால் சாலை, குடிநீர், வீடு கட்டும் திட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவார் என்றே யாவரும் எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. கணினியில் எளிய சலனச் சித்திரம் செய்வது எப்படி, அதனைக் கிராமத்து இளைஞர்கள் ஏன் கற்கவேண்டும் என்பதே அது. இளைஞர்கள் இதனை அனிமேஷன் என்பார்கள். பெரியவர்கள் பொம்மைப் படம் என்பார்கள். வலை பின்னும் கைக்கும் ஏர் பிடிக்கும் கைக்கும் பொம்மைப் படம் எதற்கு என்று சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

படமும் கிராம வளர்ச்சியும்

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி காந்தியடிகளின் பிறந்த நாளன்று நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கிராமந்தோறும் சென்ற ஊழியர்கள் முதலில் அறிந்துகொண்ட உண்மை ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் பேசி விளங்காத விஷயம், ஒரு படத்தைக் காட்டினால் ஒரு நொடியில் விளங்கிவிடும் என்பதே அது. ஆகவே அவர்கள் பிளானல் பலகை என்ற ஒரு சாதனத்தை எடுத்துச் சென்றார்கள். பலகையின் மேல் கம்பளித் துணி போர்த்தியிருக்கும். மாடு, கிணறு, எருக்குழி என்று தனித்தனியே வெட்டிய படங்களின் பின்புறத்தில் சொரசொரப்பான துணி ஒட்டியிருக்கும். கதை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படமாக ஒட்டுவார்கள், எடுப்பார்கள், இடம் மாற்றுவார்கள். நான் சொல்லப்போகும் கணினி வேலையின் அடிப்படை யோசனையும் இதுவே. அதனால்தான் இதனை முதலில் நினைவூட்டினேன்.

1956இல் பம்பாயிலிருந்த பிலிம்ஸ் டிவிஷன் என்ற மத்திய அரசு நிறுவனம் கார்ட்டூன் படப் பிரிவு ஒன்றைத் தொடங்கிற்று. அமெரிக்காவில் டிஸ்னி ஸ்தாபனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து நம்மவர்களுக்குப் பயிற்சி அளித்தார். புத்த ஜாதகக் கதை ஒன்றைத் தழுவி 1957இல் அவர்கள் ஒரு மான் கதையைப் படமாக்கினார்கள். இவ்வாறு செய்த படங்கள் பிலிம் சுருளாகச் சென்று திரையில் ஓடின. ஆனால் அக்காலத்தில் படம் செய்யப்பட்ட இடம் பம்பாய். பார்த்த இடம் கிராமம். செய்பவர் வேறு, பார்ப்பவர் வேறு. படத்தில் எதைச் சொல்லவேண்டும் என்று கிராமம் ஒருபோதும் தீர்மானித்ததில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2011இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின் பல லட்சம் மாணவர் வீடுகளுக்குக் கணினி வந்து சேர்ந்தது. அவற்றுள் பல, படிப்பு முடிந்தபின் அலமாரியில் தூங்குகின்றன. கைப்பேசியோ எல்லார் கையிலும் இருக்கிறது. சாதனம் வந்துவிட்டது, வித்தை வரவேண்டும். அதனைத்தான் இன்று பேசுகிறோம்.

அசைவு எங்கிருந்து வருகிறது?

சலனச் சித்திரத்தில் எந்தப் படமும் அசைவதில்லை. சிறிது சிறிதாக வேறுபட்ட பல படங்கள் விரைவாக ஒன்றன்பின் ஒன்று தோன்றுகின்றன; அவ்வளவே. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் படகின் படத்தை வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் அதனைச் சற்றே நகர்த்தி, பெருவிரலால் தாள்களை விரைந்து தள்ளினால் படகு ஓடும். 1832இல் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஜோசப் பிளாட்டோ, சுழலும் வட்டத் தட்டின் விளிம்பில் படங்களை வரைந்து இதனையே செய்து காட்டினார். கண்ணில் பிம்பம் சற்று நேரம் தங்குவதே இதற்குக் காரணம் என்று முன்னாளில் கூறினார்கள். அடுத்தடுத்து வரும் சிறு மாறுதல்களை நமது மூளை ஒரே இயக்கமாக இணைத்துக்கொள்வதே முக்கியக் காரணம் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்.

விவசாயிகளுக்குப் பிடித்த ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை வெளியிட்டார். அதற்கு முன்பு, முதல் போடுபவர்களுக்கு நம்பிக்கை உண்டாக்குவதற்காக, அவர் ஒரு சிறு படம் எடுத்தார். தொட்டியில் பட்டாணியை விதைத்துவிட்டு, அது முளைத்துச் செடியாக வளர்வதை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். பல நாள் வளர்ச்சி சில நொடிகளில் கண்முன் நிகழ்ந்தது. நமது நாட்டில் திரைப்படத் தொழிலுக்கு முதல் போட வைத்தது ஒரு பட்டாணிச் செடி என்றால் மிகையாகாது. தினமும் வயலில் நிற்கும் விவசாயிகூட வளர்ச்சியைக் கண்ணால் காண்பதில்லை, வளர்ந்ததையே காண்கிறார். வளர்ச்சியையே காண வைப்பது சலனச் சித்திரத்தின் தனிச் சக்தி.

இந்த வித்தையில் படத்தைப்போலவே முக்கியமானது இடைவெளி. அதனை லைட்ஹவுஸ் குப்பத்தாருக்கு விளக்கவேண்டிய அவசியமே இல்லை. ஊருக்குப் பெயர் தந்த கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். ஒளி தோன்றுகிறது, மறைகிறது, குறித்த நேரம் கழித்து மீண்டும் தோன்றுகிறது. அந்த இடைவெளியை எண்ணித்தான் இரவில் கடலில் இருப்பவர் இது எந்த விளக்கு என்று தெரிந்துகொள்கிறார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் இடைவெளி வேறு. அதுபோலவே சலனச் சித்திரத்தில் ஒவ்வொரு படமும் எத்தனை நேரம் நிற்கவேண்டும் என்பதை நாமே நிர்ணயிக்கிறோம். ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கி, இத்தனை பங்கு என்று கணினிக்குச் சொல்லவேண்டும். 100 என்றால் விநாடிக்கு 10 படம். 500 என்றால் விநாடிக்கு 2 படம். திரைப்படத்தில் விநாடிக்கு 24 படம் ஓடும். நமது தேவைக்கு விநாடிக்கு 5 முதல் 10 வரை போதுமானது.

கருவியும் செலவும்

படங்களைத் திருத்தும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் கிம்ப் என்பதை நான் சிபாரிசு செய்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் இதனைத் தொடங்கினார்கள். அன்று முதல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். 2025இல் அதன் மூன்றாம் பெரும் பதிப்பு வெளிவந்தது. இதற்கு விலை இல்லை. எவரும் பதிவிறக்கம் செய்யலாம், பிறருக்குக் கொடுக்கலாம், குற்றமில்லை. ஊர்ப்பொதுக் கிணறுபோல் யாவரும் இறைக்கலாம், யாவரும் தூர் வாரலாம். பஞ்சாயத்துப் பணத்தில் மென்பொருளுக்கென்று ஒரு காசும் செலவிடவேண்டிய அவசியமில்லை.

கிம்ப் மென்பொருளில் லேயர் என்று ஒன்று உண்டு. அதனை அடுக்கு என்று கூறுவோம். நிறமற்ற கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அடித்தாளில் கடலும் கரையும். அதற்கு மேல் தாளில் படகு. அதற்கும் மேலே பறவை. மேலிருந்து பார்த்தால் ஒரே சித்திரம். முன்னர் சொன்ன பிளானல் பலகையும் இதுவும் ஒன்றே. சலனச் சித்திரம் செய்யும்போது ஒவ்வோர் அடுக்கும் ஒரு படமாகக் கணக்கிடப்படும். அடியில் இருப்பது முதலில் தோன்றும்; மேலே போகப்போக அடுத்தடுத்து வரும். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வித்தை கைவந்ததாகும்.

மணலும் படகும்: இரண்டு முறைகள்

இனிச் செய்முறையைச் சொல்கிறேன். நமது ஏரியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. ஆரணியாறு இதில் வந்து கலக்கிறது. முகத்துவாரம் வழியே கடல்நீர் வந்து போகிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாய் குறுகுவதும், மழைக்கால வெள்ளம் அதனை உடைப்பதும் நீங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவரும் காட்சி. இதனைப் படமாக்கவேண்டும்.

முதலில் 'பைல்' பட்டியலில் 'நியூ' என்பதை அழுத்தி, 640க்கு 360 என்ற சிறிய அளவில் ஒரு புதுப் பக்கம் திறக்கவேண்டும். இது கைப்பேசியில் பார்க்கப் போதும். பழைய கணினியும் திணறாது. அடி அடுக்கில் கடல், கரை, ஏரி, திறந்த முகத்துவாரம் ஆகியவற்றை வரைந்துகொள்ளவேண்டும். பின்னர் 'லேயர்' பட்டியலில் புதிய அடுக்கு ஒன்றை, நிறமற்றதாக, உண்டாக்கவேண்டும். அதில் புதிதாகச் சேர்ந்த மணலை மட்டும் வரையவேண்டும். அதற்கு மேல் இன்னோர் அடுக்கு. இன்னும் சிறிது மணல். இவ்வாறு ஆறேழு அடுக்குகளில் வாய் அடைபட்டுவிடும்.

மணலின் இயல்பு என்ன? முன்னர் சேர்ந்தது போகாது. அதன்மேல் மேலும் சேரும். கிம்ப்பிலும் இதற்கு ஏற்ற முறை உண்டு. அடுக்கின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'கம்பைன்' என்று ஆங்கில எழுத்தில் குறித்தால், முன் படம் அப்படியே இருக்க, புதுப் படம் அதன்மேல் சேரும். அதே இடத்தில் மற்றோர் அடைப்புக்குறிக்குள் 800 என்ற எண்ணையும் எம், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களையும் சேர்த்து எழுதினால், அந்தப் படம் முக்கால் விநாடிக்குச் சற்று அதிகமாக நிற்கும். ஒவ்வொரு படத்திலும் மாதத்தின் பெயரை எழுதவேண்டும். சென்ற மாதத்தின் பெயர் அடியில் தெரியாதிருக்க, ஒரு சிறு வெள்ளைக் கட்டம் வரைந்து அதன்மேல் புதுப் பெயரை எழுதவேண்டும்.

படகின் இயல்பு வேறு. படகு நகர்ந்தால் முன்பிருந்த இடத்தில் அது இருக்கக்கூடாது. மணலுக்குச் சொன்ன முறையைப் படகுக்குக் கைக்கொண்டால் திரையில் ஒரு படகுக்குப் பதில் பத்துப் படகு வரிசையாக நிற்கும்! கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே. ஆகவே படகுக்கு ஒவ்வொரு படமும் முழுப் படமாக இருக்கவேண்டும். பின்னணி அடுக்குக்கு ஒரு நகல் எடுத்து, அதற்கு நேர் மேலே படகு அடுக்கை வைத்து, 'மெர்ஜ் டவுன்' என்ற கட்டளையால் இரண்டையும் ஒன்றாக்கவேண்டும். அடுத்த படத்துக்கு மீண்டும் பின்னணிக்கு ஒரு நகல், படகு சற்று நகர்ந்த இடத்தில், மீண்டும் ஒன்றாக்கல். இவற்றின் பெயரில் 'கம்பைன்' என்பதற்குப் பதிலாக 'ரீப்ளேஸ்' என்று குறிக்கவேண்டும். சேர்ந்துகொண்டே போவதற்கு ஒரு முறை. இடம் பெயர்வதற்கு மற்றொரு முறை. எதனைப் படமாக்கினாலும் முதலில் இது மணலா, படகா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

எல்லாம் முடிந்தபின் 'பில்டர்ஸ்' பட்டியலில் 'அனிமேஷன்' என்பதன்கீழ் 'பிளேபேக்' என்பதை அழுத்தினால் சித்திரம் ஓடும். குறை இருந்தால் திருத்தலாம். பின்னர் இரண்டு காரியங்களைச் செய்யவேண்டும். முதலாவதாக 'சேவ்' கட்டளையால் அடுக்குகளோடு கூடிய மூலத்தைப் பத்திரப்படுத்தவேண்டும். விதைநெல்லை எடுத்து வைப்பது போன்றது இது. இதனை அழித்துவிட்டால் மறு வருஷம் திருத்த வழியில்லை. இரண்டாவதாக 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் ஜிஃப் என்ற வகைக் கோப்பாக வெளியே எடுக்கவேண்டும். அப்போது 'அஸ் அனிமேஷன்' என்ற கட்டத்தில் குறியிட மறக்கக்கூடாது. மறந்தால் அசையாத ஒரே படமே கிடைக்கும். ஜிஃப் முறை 1987இல் கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு படத்துக்கு 256 நிறம்வரைதான் உண்டு, ஒலி கிடையாது. எளிய கோட்டுப்படத்துக்கு இவ்வளவு நிறம் தாராளம். ஒலி இல்லாததை நான் ஒரு குறையாகக் கருதவில்லை. படம் ஓடும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லலாம். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னிருந்து பாடியவரைப்போல, படத்தோடு ஒரு மனிதரும் வேண்டும் என்பது நல்லதே.

வரையத் தெரியாதவர் என்ன செய்வது?

கணினியில் வரையக் கை பழகவில்லை என்று எவரும் பின்வாங்கவேண்டாம். தாளில் பென்சிலால் வரைந்து, கைப்பேசியால் படம் எடுத்து, 'ஓபன் அஸ் லேயர்ஸ்' என்ற கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே முறையில் அடுக்குகளாகத் திறந்துகொள்ளலாம். கைப்பேசி அசையாதபடி நிறுத்தவேண்டும். தாளின் நான்கு மூலையும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். திறந்தபின் வரிசை சரிதானா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். இவ்வளவே.

தாளும் வேண்டாம் என்றால் பொருள்களையே வைத்துப் படம் எடுக்கலாம். தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பால்கே அவர்களே ஒரு வேடிக்கைப் படம் எடுத்திருக்கிறார். நாம் சிப்பிகளை நகர்த்தலாம். கயிற்றில் முடிச்சுப் போடுவதையும், கிழிந்த வலையைப் பழுது பார்ப்பதையும் படிப்படியாகப் பன்னிரண்டு படம் எடுத்து ஓடவிட்டால், வலை வேலை கற்கும் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. விரல் எங்கே நுழைகிறது என்பதை ஆயிரம் முறை திருப்பிப் பார்க்கலாம், கற்பிப்பவர் சலிப்படையமாட்டார்.

வீச்சு வலை எறிவதை வரைய எண்ணுபவர், முதலில் ஐந்து முக்கியப் படங்களை மட்டும் வரையவேண்டும். வலையைக் கையில் சேர்த்துப் பிடிப்பது, உடம்பைத் திருப்புவது, வீசுவது, வலை வட்டமாக விரிவது, நீரில் அமிழ்வது என்பன அவை. பின்னர் இவற்றுக்கு இடைப்பட்ட படங்களை நிரப்பவேண்டும். உடம்பு திரும்பும்போது இயக்கம் மெதுவாகத் தொடங்கும், வீசும்போது விரையும். ஆகவே தொடக்கத்தில் படங்கள் நெருக்கமாகவும், வீச்சில் ஒன்றுக்கொன்று விலகியும் இருக்கவேண்டும். புதுப் படம் வரையும்போது முந்தைய அடுக்கின் அழுத்தத்தை 30 சதவிகிதமாகக் குறைத்து வைத்தால், அது நிழல்போலத் தெரிந்து வழிகாட்டும். வலை எறியத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால் படம் உயிர் பெறும். படம் வரையத் தெரிந்த பிள்ளையும் வலை வீசத் தெரிந்த தகப்பனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். இந்த வித்தையின் லாபங்களில் இதனையே நான் முதலாவதாகக் கருதுகிறேன்.

கிராமத்துக்கு என்ன பயன்?

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு முயற்சியில், பயறு வகைகளைக் காற்றுப் புகாத கலத்தில் சேமிப்பது, காலரா வராமல் காப்பது போன்ற விஷயங்களைச் சலனச் சித்திரமாக்கி, பல நாட்டு மொழிகளில் குரல் மாற்றி, படிப்பறிவு குறைந்த மக்களுக்கு வழங்கினார்கள். நமது நாட்டில் 2006இல் பெங்களூரில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி, விவசாயிகளையே நடிக்கவைத்து வீடியோ எடுத்து, அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் காட்டிற்று. தெரிந்த முகமும் தெரிந்த பேச்சும் இருந்தால் பார்ப்பவருக்கு நம்பிக்கை உண்டாகிறது என்பதே அதன் அடிப்படை.

நம்மைப்போன்ற மீனவர் கிராமத்து அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற முன்னறிவிப்பைக் கணினி வழியாகப் பெற்று, ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்ற மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட ஊரே உயிர் தப்பிற்று. ஆபத்து வரும் நாளில் புதிதாக ஒரு சாதனத்தைக் கற்க நேரமிராது. நல்ல நாளில் பழகி வைத்திருந்ததே அன்று உதவியது.

நமது ஏரிக்கு வருவோம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது; குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன; வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் அடைபட்டால் இந்தச் சுற்று அறுந்துபோகிறது, படகுக்கும் வழியில்லை. இதனைப் பன்னிரண்டு படத்தில், முடிந்ததும் முதலிலிருந்து ஓடும் வட்டமாகச் செய்யலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். மனுவைப் படிக்க நேரமில்லாத அதிகாரிக்கும் விளங்கும். விவசாயிகளுக்கு வேறு விஷயங்கள் உண்டு. விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டால் பதர் மிதப்பதும், கனமான விதை அமிழ்வதும், பின்னர் நல்ல தண்ணீரில் அலசவேண்டும் என்பதும் பத்துப் படத்தில் அடங்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பயன் ஒன்று உள்ளது. எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம் திரும்புகிறது, வாடைக்காற்றில் ஏரியின் எந்த மூலையில் மீன் ஒதுங்குகிறது, எந்த வருஷம் முகத்துவாரம் எங்கே இருந்தது என்பவற்றை இங்குள்ள பெரியவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். பாடு முறையில் எந்தத் தலைக்கட்டுக்கு எப்போது முறை என்ற கணக்கும் அப்படியே. இவற்றுள் பெரும்பகுதி காகிதத்தில் ஏறியதில்லை. பிள்ளைகளில் பலர் ஆலை வேலைக்கும் நகர வேலைக்கும் போகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் கடலுக்குப் போகாத பிள்ளைக்கு இந்த அறிவு வாய்வழியாக வந்து சேராது. ஏரியைப்பற்றி ஏதேனும் ஒரு கூட்டத்தில் விவாதம் வரும்போது, வரைபடம் வைத்திருப்பவர் பேச்சு எடுபடுகிறது. ஐம்பது வருஷ அனுபவம் வைத்திருப்பவர் பேச்சு குறிப்பேட்டில்கூட ஏறுவதில்லை. இதனை ஓர் அரசாங்க ஊழியன் என்ற முறையில் நான் பல முறை கண்டிருக்கிறேன். பெரியவர் சொல்ல, பிள்ளை வரைய, மாதமும் வருஷமும் குறித்துச் சலனச் சித்திரமாக்கி வைத்தால், அந்த அறிவு கூட்டத்தின் நடுவே வந்து உட்காரும். எதனை ஊருக்கு வெளியே காட்டலாம், எதனை ஊருக்குள் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதை ஊரே தீர்மானிக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை

இந்தச் சாதனம் உண்மையைச் சொல்லவும் வல்லது. பொய்யைச் சொல்லவும் வல்லது. மணல் சேர்வதற்கு உண்மையில் பல மாதம் ஆகும். படத்தில் ஐந்து விநாடி. இரண்டு படங்களுக்கு இடையே என்ன நடந்தது என்பதை வரைபவரே நிர்ணயிக்கிறார். மூன்று படங்களை எடுத்துவிட்டால் மெதுவான காரியம் வேகமானதாகத் தோன்றும்; வேண்டாததை வரையாமல் விட்டுவிட்டால் அது இல்லாததாகவே ஆகிவிடும்.

ஆகவே நாம் செய்யும் படத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கவேண்டும். ஒவ்வொரு படத்திலும் காலம். தூரத்தைக் காட்டும் அளவுகோல். யார் சொல்லி யார் வரைந்தது என்ற குறிப்பு. பிறர் கொண்டுவரும் படத்தைப் பார்க்கும்போதும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். இது எந்தக் காலம்? என்ன அளவு? யார் சொன்னது? இதில் வரையாமல் விட்டது எது? பெரிய திரையில் அழகிய நிறத்தில் ஓடுகிறது என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டாம். எங்கள் இலாகா கொண்டுவரும் படமாயினும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். தானே பத்துப் படம் வரைந்து ஓட்டிப் பார்த்த பிள்ளையை எந்தச் சலனச் சித்திரமும் எளிதில் ஏமாற்ற முடியாது. படம் செய்யக் கற்பது, படத்தைப் படிக்கக் கற்பதே ஆகும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பெருஞ்செலவு எதுவும் நான் கேட்கவில்லை. மின்வசதியுள்ள ஓர் அறை. ஊரில் சும்மா இருக்கும் இரண்டு மூன்று மடிக்கணினிகள். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் இரண்டு மணி நேரம். இவை போதும். முதல் வாரம் நோட்டுப் புத்தக ஓரத்தில் படம் வரையட்டும். இரண்டாம் வாரம் அடுக்குகளை அறியட்டும். மூன்றாம் வாரம் மணல் முறையையும், நான்காம் வாரம் படகு முறையையும் பழகட்டும். அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரைத் தேடிச் சென்று ஒரு விஷயத்தைக் கேட்டுவந்து பத்து விநாடிப் படம் செய்யட்டும். பெண் பிள்ளைகளை அவசியம் சேர்க்கவேண்டும். மீன் விற்பது, இறால் தரம் பிரிப்பது, கருவாடு உலர்த்துவது பற்றித் தாய்மார்களிடம் உள்ள அறிவை வேறு யார் கேட்டு வரைவார்கள்?

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட்டும் ஏற்பாடு உள்ளது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்பன அவை. ஒவ்வொரு சபையிலும் பிள்ளைகள் செய்த ஒரு படமாவது ஓடட்டும். உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22க்கு ஏரியைவிடப் பொருத்தமான விஷயம் இல்லை. படத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் எழுந்து, மணல் அந்தப் பக்கம் சேராது, இந்தப் பக்கம் என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தமே சபைக்குக் கிடைக்கும் லாபம்.

இதனைக் கற்றவர் எல்லாருக்கும் சினிமாக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று நான் வாக்களிக்கமாட்டேன். ஒரு சிலருக்குக் கிடைக்கலாம். அந்தத் தொழில் நீண்ட பயிற்சியும் பொறுமையும் வேண்டுவது. நான் சொல்வது அதைவிட அடக்கமான காரியம். ஊருக்குத் தெரிந்ததை ஊரே எடுத்துச் சொல்லும் சக்தி பெறவேண்டும் என்பதே அது. அந்தச் சக்திக்குப் பத்துப் படமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். வலை பின்னும் கைக்குக் கண் அளவும் பொறுமையும் முன்னமே உண்டு. ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவாக, ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும் என்பது அதற்குத் தெரியும். சலனச் சித்திரத்துக்கு வேண்டிய குணமும் அதுவே. ஆகவே இந்தக் கை அந்த வேலைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

அடுத்த கிராம சபைக்குள் முகத்துவாரத்தைப் பற்றிய முதல் படத்தைச் செய்து முடிக்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இடமும் கணினியும் கிடைக்கச் செய்யுமாறு பஞ்சாயத்துப் பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கேட்டு வரும்போது மறைக்காமல் சொல்லித்தருமாறு மூத்த மீனவர்களையும் விவசாயிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.